மாசி மாசத்தை ஏற்காத புரோகிராம்

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. இருந்தும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது மலையிலிருந்து போன் வரும். போன வாரம் கீதா கூப்பிட்டாள். ஜவ்வாது மலையில் நான் இருந்த துணை சுகாதார நிலையத்தில் இப்போது கிராம சுகாதார செவிலியராக இருப்பவள். புதிதாக ஒரு செயலி கொடுத்திருக்கிறார்களாம். கர்ப்பிணிகள் சொல்கிற விவரத்தைப் போட்டால் சில சமயம் கட்டம் சிவப்பாகி, அடுத்த பக்கம் போக விடமாட்டேன் என்று அடம் பிடிக்கிறதாம்.

"கூட வேலை பாக்கறவங்க எல்லாம் அது கேக்கற மாதிரி ஒண்ணைப் போட்டுட்டுப் போய்ட்றாங்கக்கா. நான் இன்னா பண்றது?" என்றாள்.

அப்படி அடம் பிடிக்கிற ஒன்றை அவள் வேலைக்கு வருவதற்கு முன்பே என் கையால் எழுதியவள் நான். யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பெருமைக்குரிய பாதியை மட்டும் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதியையும் இப்போது எழுதிவிடுகிறேன்.

நான் அடிவாரத்துக்காரி. ஆலங்காயம் பக்கம். பள்ளிக்கூடம், செவிலியர் பயிற்சி, கல்யாணம், இரண்டு பிள்ளைகள், இதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். வேலை கிடைத்தது மலைமேல். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஏழெட்டு கிராமங்கள் என் பொறுப்பில் இருந்தன. ஜீப் கிடைத்தால் ஜீப், இல்லாவிட்டால் நடை. தோளில் ஒரு பை, அதில் எடை பார்க்கும் தராசு, தடுப்பூசிப் பெட்டி, ஒரு மூட்டைப் பதிவேடு.

சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் கணக்கெடுப்புக்குப் போனேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். மூணு என்றார் அந்த வீட்டுக்காரர். எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, மறுபடி கேட்டேன். கொஞ்சம் யோசித்து, நாலு என்றார். என்னடா இது என்று மூன்றாவது தடவை கேட்டேன். அஞ்சு என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். நானும் அஞ்சு என்று எழுதினேன். அடுத்த மாசம் மேற்பார்வைக்கு வந்த அதிகாரியம்மா அந்த வீட்டில் போய் எண்ணிப் பார்த்தால் மூன்றுதான். அன்றைக்கு எனக்கு விழுந்த பாட்டு இருக்கிறதே, இன்னும் காதில் இருக்கிறது.

பிறகுதான் புரிந்தது. மலையில் ஒருத்தர் கேட்டு நீங்கள் பதில் சொன்ன பிறகு அவர் அதையே திரும்பக் கேட்டால், உங்கள் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை என்று பொருள். வந்தவர் மனம் கோணக்கூடாது. அதனால் வேறு பதிலைக் கொடுத்துப் பார்ப்பார்கள். பொய் சொல்லுகிற எண்ணமே கிடையாது, அது மரியாதை. அன்றிலிருந்து நான் யாரிடமும் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டதில்லை. சந்தேகம் வந்தால் சாமை விதைப்பைப் பற்றிப் பேசுவேன், மாடு கன்று போட்டதைப் பற்றிப் பேசுவேன், சுற்றி வளைத்துக்கொண்டு வந்து வேறு வழியாகத் தெரிந்துகொள்வேன். தேதி தெரியாதவர்களிடம்கூட நான் எழுதிய தேதி நாலைந்து நாளுக்கு மேல் தவறியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

டாக்டர் இளங்கோ எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தபோது எனக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஈரோட்டுப் பக்கத்து ஆள். வாயைத் திறந்தால் 'ங்க' இல்லாமல் ஒரு வார்த்தை வராது, வார்டு பெருக்குகிறவரிடமும் அப்படித்தான். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்துக்கொண்டே இருந்தால் நாங்கள் ஒவ்வொருவராக நழுவிவிடுவோம்.

எங்கள் மாதாந்திரப் பட்டியல்களைப் பார்த்துவிட்டு முதல் மாசமே நெடுநேரம் துடைத்தார். ஒரு கர்ப்பிணிக்கு வயது இருநூற்றுப் பத்து. ஒருத்திக்கு மூன்று வருஷமாகக் கர்ப்பம். அவசரத்தில் கை தவறி அடித்தவைதான் எல்லாம். தப்பு எங்கள் மேல் இல்லை, தப்பை உள்ளே விடுகிற கதவு மேல் என்றார். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மருந்துக் கிடங்கில், தடுப்பூசி ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருக்க, எங்களுக்குப் புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் அவருடைய கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பமானது. நாங்கள் நாலு செவிலியர்கள், ஒரு மருந்தாளுநர், ஒரு பழைய லேப்டாப். இந்த வயதில் இது தேவையா என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

முதல் பயிற்சி மிகச் சின்னது. வயதைக் கேட்கவேண்டும், வந்த வயதைத் திரையில் காட்டவேண்டும். நான் எழுதியது மூன்றே வரி. டாக்டர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, விரல்களைச் சொடுக்கிக்கொண்டு, வயது கேட்ட இடத்தில் 'இட்லி' என்று அடித்தார். என் புரோகிராம் பத்து வரிக்கு இங்கிலீஷில் புலம்பிவிட்டுச் செத்துப்போனது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கேட்டது வயது என்பது உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாதே என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை எழுத்து வந்தால் திருப்பிக் கேட்கும்படி எழுதிக்கொண்டு போனேன். அவர் ஒன்றுமே அடிக்காமல் என்டரைத் தட்டினார். மறுபடி சாவு. அதற்கடுத்த வாரம் மைனஸ் ஐந்து. அதற்கடுத்த வாரம் தொள்ளாயிரம். ஒருநாள் எங்கிருந்தோ தமிழ் எண்களைக் கொண்டுவந்து ௨௩ என்று போட்டார். போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது அமைதியாக இருபத்துமூன்று என்று எடுத்துக்கொண்டது. அன்றைக்கு டாக்டரே அசந்துபோய் எல்லாருக்கும் டீ சொன்னார்.

சரியான பதில் வரும்வரை சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டே இரு என்பதற்கு, நாங்கள் படித்த பைத்தான் மொழியில் 'வைல்' என்று ஒரு சொல் உண்டு. அது பிடிபட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வயதோடு நிற்காமல் கடைசி மாதவிலக்குத் தேதியையும் கேட்கவைத்தேன். அதுதான் எங்கள் வேலையின் முதுகெலும்பு. அந்தத் தேதியிலிருந்துதான் கர்ப்பம் எத்தனை வாரம், பிரசவம் எப்போது எல்லாம் எண்ணுவோம். பிப்ரவரி முப்பது என்று போட்டால் திருப்பிக் கேட்கும். நாளைய தேதியைப் போட்டால் திருப்பிக் கேட்கும். நாற்பத்திரண்டு வாரத்துக்கு முந்தைய தேதியைப் போட்டாலும் தவறு என்று சிவப்பில் எழுதிக் 'கீங்' என்று ஒரு சத்தம் போட்டுத் திருப்பிக் கேட்கும். அந்தச் சத்தம் என் சொந்தச் சேர்க்கை. டாக்டர் அரைமணி நேரம் கண்டதையும் அடித்துப் பார்த்தார். வருஷத்தை மாற்றிப் போட்டார், மாசத்தில் பதின்மூன்று போட்டார், மறுபடியும் இட்லி போட்டார். ஒன்றும் உள்ளே போகவில்லை.

"இனிமே மூணு வருஷக் கர்ப்பம் யாருக்கும் இல்லீங்க சிஸ்டர்" என்றார். மலைமேல் நெட் கிடைக்காது, ஆகவே அடுத்த முகாமுக்கு இந்த லேப்டாப்பையே கொண்டுபோகச் சொன்னார். பாடத்துக்காக எழுதியது வேலைக்கே போகிறது. அன்றைக்கு நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போகவில்லை, பறந்து போனேன்.

முகாம் மார்கழி நடுவில். காலையில் பனி விலகவே ஒன்பது மணி ஆனது. பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். இருபதுக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள், அவர்களோடு துணைக்கு வந்தவர்கள். நான் வாயால் கேட்டு, விரலால் அடித்து, வயிறு பார்த்து, அட்டையில் எழுதி அனுப்பவேண்டும். பழைய மாதிரி சாமை, மாடு என்று பேச நேரமில்லை. திரை கேட்பதை நான் கேட்டேன்.

வரிசையில் சுகுணா பதினோராவதோ பன்னிரண்டாவதோ. முதல் பிரசவம். புளி அறுவடை முடிந்ததும் புருஷனோடு குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் போனவள், பிரசவத்துக்காக நாலு நாள் முன்புதான் தாய்வீடு வந்திருந்தாள். அட்டையும் இல்லை, ஸ்கேனும் இல்லை. மாதவிலக்காகிக் கடைசியாக எப்போது குளித்தாய் என்று கேட்டேன்.

"மாசியிலங்க, நர்சம்மா. புளி உலுக்க மரம் ஏறுன வாரம்."

அந்த வாரம் எது என்று எனக்குத் தெரியும், அதே ஊரில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தவள்தானே. மாசி நடு. தேதியை அடித்தேன். சிவப்பு. 'கீங்.' தவறு, மீண்டும் உள்ளிடவும். கை தவறியிருக்கும் என்று மறுபடி அதையே அடித்தேன். மறுபடியும் 'கீங்.' வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்னால் ஒரு குழந்தை அந்தச் சத்தத்தைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது.

"இது தப்புன்னு சொல்லுதேம்மா. நல்லா யோசிச்சி சொல்லு" என்றேன்.

இருபது வருஷத்துக்கு மேல் காப்பாற்றிய வழக்கத்தை நான் உடைத்த இடம் இதுதான். சுகுணா என் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பிறகு, புளி தட்டி முடித்து மூட்டை கட்டின சமயம், சித்திரையில் என்றாள். சித்திரை நடுவை அடித்தேன். சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டு முப்பத்தைந்து வாரம் என்று காட்டியது. எனக்குப் பெருமூச்சு வந்தது.

படுக்கவைத்து வயிற்றைத் தொட்டேன். குழந்தையின் தலை கெட்டியாகக் கீழே இறங்கியிருந்தது. கைக்குள் பனிக்குடத் தண்ணீர் தளும்பவேண்டிய இடத்தில் குழந்தையே தட்டுப்பட்டது. முப்பத்தைந்து வாரத்து வயிறு இப்படி இருக்காதே என்று கை சொன்னது. பெரிய குழந்தையாக இருக்கும் என்று நானே அதற்குச் சமாதானம் சொன்னேன். இதயத் துடிப்பு கேட்டது. அடுத்தவள் காத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரம் கழித்துக் கட்டாயம் வா என்று அட்டை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் ஒரு மணிக்கு முகாம் முடிந்தது. ஷேர் ஜீப்பில் ஏறினேன். என் பக்கத்தில் பச்சையம்மா, சுகுணா வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி, காலையில் முகாமில் எட்டிப் பார்த்தவர்களில் ஒருத்தி, இப்போது சந்தைக்குப் போகிறவள். நாலைந்து வளைவு தாண்டியிருப்போம். இந்தப் பெண்ணுக்கு இன்னும் வலி எடுக்கக் காணோமே, ஊரில் இவளோடு கர்ப்பமானவர்கள் எல்லாம் பெற்றெடுத்துவிட்டார்களே என்றாள். இன்னும் ஒரு மாசம் இருக்கிறதே, சித்திரையில்தானே குளித்தாள் என்றேன் நான். பச்சையம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"சித்திரையில இன்னா குளிச்சா? குடகுக்குப் போம்போதே வாந்திதான். மொதல்ல மாசின்னுதான் சொன்னா. நீங்க மறுக்கா கேட்டீங்க, அதான் மாத்திச் சொல்லிட்டா."

இதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரிதான் சொன்னாள். மாசி நடுவிலிருந்து மார்கழி நடு வரைக்கும் விரல் விட்டு எண்ணினேன். நாற்பத்துமூன்று வாரம் தாண்டிவிட்டது. நாள் கடந்த குழந்தை உள்ளே எந்த நிமிஷமும் மூச்சுத் திணறலாம். அவளைத்தான் நான் இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லி அனுப்பியிருந்தேன்.

ஜீப்பைத் திருப்பச் சொன்னேன். ஆட்கள் ஏறியாச்சே என்று டிரைவர் முணுமுணுத்தார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே இருந்த மற்ற ஒன்பது பேரும் மூட்டை முடிச்சோடு ரோட்டில் இறங்கி நின்றார்கள். பச்சையம்மா மட்டும் என்னோடு வந்தாள்.

சுகுணா வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை அசைகிறதா என்று கேட்டேன். நேற்றிலிருந்து கொஞ்சம் கம்மிதான் என்றாள். அங்கேயே படுக்கவைத்துக் காதை வைத்தேன். காலையில் ஓடிய துடிப்பு இப்போது நடந்துகொண்டிருந்தது. அவளையும் அவள் அம்மாவையும் ஜீப்பில் ஏற்றினோம். சிக்னல் கிடைக்கிற வளைவில் டாக்டருக்குச் சொன்னேன். அவர் அடிவாரத்தில் ஆம்புலன்ஸை நிறுத்திவைத்து, கீழே பெரிய ஆஸ்பத்திரியிலும் பேசிவிட்டார். வழியெல்லாம் அவள் வயிற்றின் மேல் கை வைத்தபடி, எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். என் கர்வத்துக்கு இந்தப் பிள்ளையைப் பலி வாங்கிவிடாதே என்றுதான் வேண்டினேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. உள்ளேயே மலம் கழித்து அந்த நீரைக் குடித்திருந்தது. உடனே அழவில்லை. பச்சிளங்குழந்தை வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். இரண்டு நாள் போகட்டும், பிறகுதான் எதுவும் சொல்லமுடியும் என்றார்கள்.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை என்றுதான் போய் நின்றேன். அவர் கண்ணாடியைத் தொடவில்லை. அந்த முதல் பதில் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். எங்கேயும் இல்லை, ஏற்காததைச் சேமிக்கிற மாதிரி நான் எழுதவில்லை என்றேன். லேப்டாப்பைத் திறந்து அந்த மாசித் தேதியைத் தானே அடித்தார். 'கீங்.' மறுபடி அடித்தார். ஐந்தாறு தடவை அப்படி அடித்துக்கொண்டே இருந்தார். எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

"பொய்யா எத்தனையோ அடிச்சுப் பார்த்தேங்க. உண்மையை ஒரு தடவைகூட அடிச்சுப் பார்க்கலீங்களே" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

அன்றைக்கே இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். நடக்கவே முடியாதது வேறு, நடக்கக்கூடாதது வேறு என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு கேள்வியாகப் பிரித்தார். இட்லியையும் பிப்ரவரி முப்பதையும் திருப்பிக் கேட்கட்டும். நாற்பத்துமூன்று வாரம் என்று வந்தால் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளட்டும், பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடட்டும், டாக்டரை உடனே கூப்பிடு என்று செவிலியருக்குச் சொல்லட்டும். பிறகு தேதியை மாற்றினாலும் முதலில் சொன்னது அழியாமல் கூடவே இருக்கட்டும். அந்தச் சத்தத்தை நானே எடுத்துப்போட்டேன். கீதாவுக்கும் போனில் இதைத்தான் சொன்னேன். செயலியை உன்னால் மாற்றமுடியாது, ஆனால் அவர்கள் முதலில் சொன்னதை நோட்டில் எழுதி வைத்துக்கொள், சிவப்பு வந்தால் அவர்களை விட்டுவிட்டு டாக்டரைக் கேள் என்றேன்.

குழந்தை மூன்றாம் நாள் பால் குடித்தது. பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கூட்டிப்போக நானே போயிருந்தேன். வார்டில் அவள் அம்மா பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். சுகுணாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். நான் மறுபடி கேட்டேன் என்பதற்காகவா மாற்றிச் சொன்னாய் என்று.

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"அந்த மெஷினு அத்தினி பேர் முன்னாடி உங்களத் திட்டிக்கினே இருந்துச்சில்ல, நர்சம்மா. உங்க மூஞ்சியே வாடிப்போச்சி. எனக்குப் பாவமா இருந்துச்சி. ஒண்ணு ரெண்டு மாசம் முன்னப் பின்ன இருந்தா இன்னா ஆவப்போவுதுன்னு சொல்லிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அது என்னைத் திட்டவில்லை சுகுணா, அப்படிக் கத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தவளே நான்தான் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தன்னையே திட்டச் சொல்லி யாராவது எழுதிக் கொடுப்பார்களா என்று கேட்டுவிட்டு, தலை முடிந்துகொள்வதற்காகக் குழந்தையை என் மடியில் கொடுத்தாள். நான் எத்தனை சொல்லியும் கடைசிவரை அவள் நம்பவில்லை.